பதினோரு நிமிடம்

நாலரை வருஷம் படித்துவிட்டு
பட்டன் போடவா சொல்லித் தருகிறாய்
என்று சிரித்த நாத்தனாருக்கு
நான் பதில் சொல்லவில்லை.
ஜிப்பும் உண்டு என்றிருக்கலாம்.
டிபன் டப்பா மூடி, குழாய்த் திருகு,
தட்டிலிருந்து வாய்வரை
ஒரு கவளம் சிந்தாமல் போகவேண்டிய
அந்த நெடுந்தூரம்.

தொரப்பாடியில் ஒரு மாடி அறை.
கீழே சைக்கிள் கடை, மேலே வேலூர் வெயில்.
ஊஞ்சல் ஒன்று, பெரிய பந்து இரண்டு,
துணி காயப்போடும் கிளிப் முப்பது,
பேசின் நிறையக் கேழ்வரகு.
அடியில் கோலிக்குண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து
குடியாத்தத்தில் பஸ் மாறி
சனிக்கிழமை தோறும் வருவான் உமைர்.
ஆறு வயது.
கேழ்வரகைத் தொடச் சொன்னதற்கே
முதல் மாதம் முழுக்க அழுதான்.
இரண்டாம் மாதம் ஒரு விரல்.
மூன்றாம் மாதம் முழங்கைவரை விட்டுத் துழாவி
என் தலையிலும் ஒரு கை அள்ளிப் போட்டான்.
நோட்டில் எழுதினேன்: நல்ல முன்னேற்றம்.

பட்டன் மட்டும் அசையவில்லை.

அவன் அம்மா ஷமீனா
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள்.
எந்தத் தேசத்துப் பிள்ளைகளுக்கோ
சைஸ் இருபத்தெட்டு.
இவன் காலும் அதே சைஸ்தான் மேடம் என்பாள்,
வேறொன்றும் சொல்லமாட்டாள்.

வீட்டில் அவனையே போடவிடுகிறீர்களா?
கொஞ்சம் கறாராகவே கேட்டேன் ஒருநாள்.
விட்டுப் பார்த்தேன் என்றாள்.
செல்போனில் மணி பார்த்திருக்கிறாள்.
ஐந்து பட்டன், பதினோரு நிமிடம்.
அவனை உடுத்தி, அக்கா வீட்டில் விட்டு
ஆறு நாற்பதுக்குத் தெருமுனையில் நிற்கவேண்டும்.
கம்பெனி வேன் இரண்டு ஹாரன் அடிக்கும்.
மூன்றாவது கிடையாது.
"பதினோரு நிமிஷத்தை எங்கிருந்து வெட்டுறது மேடம்?
தூக்கத்திலேர்ந்தா, அடுப்பிலேர்ந்தா?"

படித்த நாலரை வருஷத்தில்
இந்தக் கேள்வி வந்ததாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை என் வீட்டில்
நாலு வயசு மகள் நானே நானே என்று
சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
வாசலில் ஸ்கூல் ஆட்டோ.
அவள் கையைத் தட்டிவிட்டு
மளமளவென்று நானே போட்டுவிட்டேன்.
கடைசிப் பட்டனில்தான்
ஷமீனா நினைவுக்கு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை
அச்சடித்து வைத்திருந்த வீட்டுப் பயிற்சித் தாளைக்
கொடுக்கவில்லை.
மேலிருந்து நாலை நீங்களே போட்டுவிடுங்கள் என்றேன்.
கழுத்துப் பட்டன் அவன் கண்ணுக்குத் தெரியாது,
அடிப்பட்டன் தெரியும்.
அதை ஓட்டைக்குள் பாதி நுழைத்துவிட்டுக்
கையை எடுத்துவிடுங்கள்.
மிச்சத்தை இழுப்பது மட்டும் அவன் வேலை.
பத்து வினாடி.
பத்து வினாடி இருக்குமா?

சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று
கணக்குப் போடுகிறவள்போல்
யோசித்தாள் வெகுநேரம்.
இருக்கும் என்றாள்.

பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை.
ஒரு பட்டன், பல வாரம் அதே ஒரு பட்டன்.
நடுவில் காய்ச்சல் வந்து
அதுவும் மறந்துபோனது.
மறுபடி ஒன்று.
இரண்டு.
இந்தப் பக்கம் நான் கிளிப்புகளைக்
கயிற்றில் மாட்டச் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.
அவன் என் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டேயிருந்தான்.

ஒரு புதன்கிழமை காலை போன் வந்தது.
வேனுக்குள்ளிருந்து பேசுகிறாள்,
சுற்றிலும் பெண்களின் சத்தம்.
"மேடம், அவனே போட்டுக்கிட்டான்.
ஒண்ணு தள்ளிப் போட்டுட்டான்.
மேலே ஒரு பட்டன் சும்மா நிக்குது,
சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி."
சரி பண்ணினீர்களா?
வேன் ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது.
"கை போச்சு மேடம்.
முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன்."

எவ்வளவு நேரம் ஆச்சு?
"மணி பாக்கலை.
ரெண்டாவது ஹாரன் அடிச்சதும் ஓடி வந்துட்டேன்."

நோட்டை எடுத்து எழுதினேன்:
நான்கு, தானாக. ஒன்று தள்ளி.
அதன் கீழே,
அடுத்து சாக்ஸ்.